யார் முதலில் கொடுப்பது? நியாயமான மின்பரிமாற்றத்தின் உள்வேலை

கேள்வி இது: முன்பின் அறியாத இருவர். ஒருவரிடம் ஒரு கோப்பு, இன்னொருவரிடம் பணம். இணையம் வழியாக மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் கொடுப்பவர் ஏமாறக் கூடாது, நடுவில் யாரையும் நம்பக் கூடாது, என்ன கைமாறியது என்பதும் வெளியாருக்குத் தெரியக் கூடாது. தகவலைச் சங்கேதமாக்கும் மறையாக்கவியலால் இது முடியுமா?

மூன்றையும் சேர்த்துக் கேட்டால் முடியாது. யாரும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்பதல்ல, முடியாது என்றே நிரூபித்துவிட்டார்கள். ஆனால் நடுவில் இருப்பவரை எவ்வளவு சிறியவராக ஆக்கலாம், அவர் கண்ணில் எவ்வளவு குறைவாகப் படவைக்கலாம், அவரைத் தொந்தரவே செய்யாமல் எத்தனை பரிமாற்றங்களை முடிக்கலாம் என்று கேட்டால் நல்ல விடைகள் இருக்கின்றன.

முடியாது என்பதற்கான வாதம் எளிது. ஒரு நெறிமுறையில் (யார் எப்போது எதை அனுப்ப வேண்டும் என்ற விதித்தொகுப்பு) மொத்தம் பத்துச் செய்திகள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாவதை அனுப்ப வேண்டியவர் அதற்குப் பிறகு எதையும் எதிர்பார்க்கவில்லை, அவருக்கு வரவேண்டியது வந்தாகிவிட்டது. அவர் அனுப்பாமல் நின்றுவிட்டாலும் மற்றவருக்கு நியாயம் கிடைக்க வேண்டுமானால், மற்றவர் ஒன்பதாவது செய்தியோடே தன் பங்கைப் பெற்றிருக்க வேண்டும். அப்படியானால் பத்தாவது செய்தி எதற்கு? வெட்டிவிடலாம். இதே வாதத்தால் ஒன்பதாவதும் போகும், எட்டாவதும் போகும். கடைசியில் ஒரு செய்திகூட இல்லாமல் பரிமாற்றம் நடந்திருக்க வேண்டும் என்ற அபத்தத்தில் வந்து நிற்கிறோம். ஒப்பந்தக் கையொப்பத்துக்கு இதை ஈவனும் யாகோபியும் 1980-இல் காட்டினார்கள். நியாயப் பரிமாற்றத்துக்குப் பொதுவாக பாக்னியாவும் கார்ட்னரும் 1999-இல் எழுதினார்கள். நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதில்கூட இதே நிலைதான். இருவர் மட்டும் சேர்ந்து நடத்தும் சுண்டுதலில், சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்திலாவது ஒரு சாய்வை ஏமாற்றுபவர் உண்டாக்கிவிட முடியும் என்று கிளீவ் 1986-இல் நிறுவினார். சுற்றுகளைக் கூட்டினால் சாய்வு குறையும், ஒருபோதும் மறையாது.

இங்கே ‘நியாயம்’ என்ற சொல்லுக்குள் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரியும்: இருவருக்கும் கிடைக்க வேண்டும், அல்லது இருவருக்குமே கிடைக்கக் கூடாது. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்தக் கட்டத்திலும் ஒருவர், மற்றவரின் தயவு இல்லாமலே, குறிப்பிட்ட காலத்துக்குள் ‘முடிந்தது’ அல்லது ‘ரத்து’ என்ற நிலைக்கு வந்துவிட வேண்டும். பணம் பூட்டிக் கிடக்கும்போது ‘காத்திருங்கள்’ என்பது நியாயமான முடிவு அல்ல.

நடுவரே வேண்டாம் என்பவர்கள் முதலில் முயன்றது, ரகசியத்தைத் துளித்துளியாக விடுவது. புளூம் 1983-இலும், ஈவன், கோல்ட்ரைக், லெம்பல் மூவரும் 1985-இலும் இந்த வழியில் நெறிமுறைகள் தந்தார்கள். இருவரும் தங்கள் 128 பிட் சாவியை (0, 1 என்ற இலக்கங்களால் ஆன ரகசிய எண்) மாறிமாறி ஒவ்வொரு பிட்டாக வெளியிடுவார்கள், ஒவ்வொரு பிட்டும் உண்மையானது என்பதற்கு ஆதாரமும் கூடவே வரும். ஒருவர் பாதியில் ஓடினாலும் மற்றவரைவிட அதிகபட்சம் ஒரு பிட்தான் முன்னே இருப்பார். அதாவது பின்தங்கியவருக்கு இரட்டிப்பு வேலை, அவ்வளவுதான். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் 40 பிட் மிச்சம் இருக்கும்போது எதிராளி நிறுத்திவிட்டார் என்று கொள்ளுங்கள். சோதிக்க வேண்டிய சாவிகள் சுமார் 1.1 லட்சம் கோடி. நொடிக்குப் பத்துக் கோடி சாவிகளைச் சோதிக்கும் ஒரு கணினிக்கு இது மூன்று மணி நேர வேலை. எதிராளியிடம் அப்படி நூறு கணினிகள் இருந்தால் அவருக்கு இரண்டு நிமிடம். ஏலம் முடிய அரை மணி நேரமே இருக்கிறது என்றால் யார் வென்றார் என்பது தெளிவு. இருவரின் கணிப்புத் திறனும் ஏறக்குறைய சமம் என்ற அனுமானத்தை நிஜ வாழ்க்கை ஏற்பதில்லை. அதனால்தான் இந்த வழி நடைமுறையில் வேர்பிடிக்கவில்லை.

அதே எண்ணத்தின் எளிய வடிவம் ஒன்று மட்டும் நன்றாக வேலை செய்கிறது: பொருளையே துண்டாக்குவது. கோப்பை நூறு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் நூறில் ஒரு பங்குப் பணம் கொடுத்து வாங்கினால், யார் ஓடினாலும் இழப்பு நூறில் ஒன்று. ஓடும் காணொளிக்கும், அளந்து விற்கும் கணிப்பு நேரத்துக்கும் இது போதும். ஒரு கடவுச்சொல்லையோ ஒரு கணக்கின் விடையையோ இப்படி விற்க முடியாது. கடைசித் துண்டு இல்லாமல் மற்றவை அனைத்தும் பயனற்றவை.

இனி முக்கியமான வழிக்கு வருகிறேன். 1997-இல் அசோகன், ஷன்டர், வைட்னர் மூவரும் முன்வைத்த ‘நம்பிக்கைவாத’ நெறிமுறை அது. நடுவர் இருப்பார், ஆனால் தகராறு வந்தால் மட்டுமே எழுப்பப்படுவார். பெரும்பாலான பரிமாற்றங்களில் இருவரும் நேர்மையாகவே நடப்பார்கள், இணைப்பும் அறுந்துபோகாது. அப்போது நடுவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. மறைவு (வெளியாருக்குத் தெரியாமை) என்ற கோணத்திலும் இது பெரிய ஆதாயம்.

இரண்டு பேர் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதாக எடுத்துக்கொள்வோம். முதலாமவர் ஒரு சீரற்ற எண்ணைத் தேர்ந்து, அதன் ஹாஷையும் (எண்ணிலிருந்து கணக்கிடப்படும், ஆனால் எண்ணைத் திரும்பக் காட்டாத சுருக்க முத்திரை) ஒப்பந்த வாசகத்தையும் நடுவரின் பெயரையும் சேர்த்துக் கையொப்பமிட்டு அனுப்புகிறார். இரண்டாமவர் தன் சீரற்ற எண்ணின் ஹாஷைச் சேர்த்து, வந்த செய்தியின் மீதே கையொப்பமிட்டுத் திருப்புகிறார். மூன்றாவது செய்தியில் முதலாமவர் தன் எண்ணை வெளியிடுகிறார், நான்காவதில் இரண்டாமவர். நான்கும் சேர்ந்ததுதான் செல்லுபடியாகும் ஒப்பந்தம். இடையில் தடைபட்டால் இரண்டு வாசல்கள் உண்டு. இரண்டாவது செய்தி வராவிட்டால் முதலாமவர் நடுவரிடம் ‘ரத்து’ கேட்கலாம். முதல் இரண்டு செய்திகளும் கையில் உள்ள எவரும் ‘முடித்துக்கொடு’ என்று கேட்கலாம். அப்போது ஒப்பந்தத்துக்கு ஈடான சான்றை நடுவர் கையொப்பமிட்டுத் தருவார். எந்தக் கோரிக்கை முதலில் வந்ததோ அதுவே இறுதி. பிறகு வருபவருக்கும் அதே விடைதான்.

ரத்து செய்யும் உரிமை ஏன் முதலாமவருக்கு மட்டும்? பலர் ‘சமமாக இருக்கட்டுமே’ என்று இருவருக்கும் கொடுத்து நெறிமுறையை உடைத்துவிடுகிறார்கள். இரண்டாமவருக்கும் அந்த உரிமை இருந்தால், அவர் மூன்றாவது செய்தி வரும்வரை காத்திருந்து முழு ஒப்பந்தத்தையும் பெற்றுக்கொண்டு, நான்காவதை அனுப்பாமல் நடுவரிடம் ரத்து வாங்கிவிடுவார். ஏமாந்த முதலாமவர் ‘முடித்துக்கொடு’ என்று போனால் ‘ஏற்கெனவே ரத்து’ என்ற பதில்தான் கிடைக்கும். இரண்டாமவருக்கு ரத்து தேவையும் இல்லை. விருப்பமில்லையென்றால் முதல் செய்திக்குப் பதில் அனுப்பாமல் விட்டுவிடலாம்.

செயல்படுத்தும்போது பிசகும் இடங்கள் இவை. நடுவர், தான் முடிவு செய்த ஒவ்வொரு பரிமாற்றத்தின் நிலையையும் அழியாமல் வைத்திருக்க வேண்டும். சுமை தாங்க இரண்டு சர்வர்களை வைத்து, ஒன்று ரத்தையும் மற்றொன்று முடிப்பையும் ஒரே நொடியில் பதிவு செய்துவிட்டால் நியாயம் போய்விட்டது. பதிவு பிரிக்க முடியாத ஒற்றைச் செயலாக இருக்க வேண்டும். இருவருக்கும் நடுவருக்கும் இடையிலான தடம் தாமதமாகலாம், ஆனால் என்றாவது செய்தியைச் சேர்த்தே ஆக வேண்டும். ஒருவரின் இணைப்பை எதிராளி நிரந்தரமாக மூச்சடைக்க முடிந்தால் எந்த நிரூபணமும் உதவாது. ஒவ்வொரு செய்தியும் அந்தப் பரிமாற்றத்துக்கே உரிய அடையாளத்தோடு பிணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய செய்தியைப் புதிய பேரத்தில் செருகலாம். இந்தக் குடும்ப நெறிமுறைகளைக் கணினியால் நிலைநிலையாகச் சோதித்த ஷ்மாத்திகோவும் மிட்செலும், மனிதக் கண்ணுக்குத் தப்பிய பலவீனங்களை 2000-ஆம் ஆண்டு வாக்கில் வெளிக்கொணர்ந்தார்கள். நான்கே செய்திகள் கொண்ட நெறிமுறைக்கே இந்தக் கதி. கையால் யோசித்துப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

இன்னொரு நுட்பமான குறை உண்டு. முதல் செய்தியைப் பெற்றவர் அதைக் கொண்டுபோய் மூன்றாம் ஆளிடம் காட்டலாம்: ‘பாருங்கள், இந்த விலைக்கு அவர் கையெழுத்திடத் தயார், நீங்கள் இன்னும் மேலே வாருங்கள்.’ ஒப்பந்தம் முடியவே இல்லை, ஆனாலும் ஒருவரின் நிலைப்பாடு பேரப்பொருளாகிவிட்டது. நியாயம் கெடவில்லை, மறைவு கெட்டது. 1999-இல் காரே, ஜேக்கப்சன், மெக்கென்சி தந்த தீர்வில், இடைநிலைக் கையொப்பத்தை எதிராளியும் நடுவரும் மட்டுமே நம்ப முடியும். வெளியாருக்கு, அதை எதிராளியே உருவாக்கியிருக்கலாம் என்று தோன்றும்படி அமைப்பு இருக்கும்.

நடுவர் தலையிட்ட தடயமே தெரியக் கூடாது என்றால் வேறு உத்தி. கையொப்பத்தை நடுவரின் பொதுச் சாவியால் (யாரும் பூட்டலாம், அவர் மட்டுமே திறக்கலாம்) மறையாக்கி, ‘இந்தப் பெட்டிக்குள் இருப்பது சரியான கையொப்பம்தான்’ என்ற நிரூபணத்தோடு அனுப்புவது. தகராறு வந்தால் நடுவர் பெட்டியைத் திறப்பார். வெளியே வருவது சாதாரணக் கையொப்பம் என்பதால் யார் திறந்தார் என்று பின்னாளில் எவராலும் சொல்ல முடியாது. இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று: எந்த நிபந்தனையில் திறக்கலாம் என்பதை மறையாக்கத்தின் உள்ளேயே முத்திரையாகப் பிணைக்க வேண்டும். பெட்டி ஒரு பக்கம், நிபந்தனைச் சீட்டு இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக இருந்தால், எதிராளி சீட்டை மாற்றி ஒட்டி, நடுவரையே ஏமாற்றித் திறக்கவைத்துவிடுவார். பெட்டியை ஒரு பிட்கூடத் திரிக்க முடியாத மறையாக்க முறையும் வேண்டும்.

இதெல்லாம் கையொப்பத்துக்கு. கோப்பையும் பணத்தையும் மாற்றும்போது கடினமான கேள்வி வேறு: ‘சரியான கோப்பு’ என்றால் என்ன? நெறிமுறைக்குப் பொருளின் தரம் தெரியாது, சோதிக்கத்தக்க ஒரு நிபந்தனைதான் தெரியும். கோப்பின் ஹாஷ் இது என்று முன்பே நம்பத்தகுந்த இடத்திலிருந்து தெரிந்தால் நல்லது. ஹாஷையும் விற்பவரே தருகிறார் என்றால், குப்பையின் ஹாஷைத் தந்து குப்பையையே மிக நியாயமாக விற்கலாம். நிபந்தனையை எழுதும் இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

நிபந்தனை நிரலாக எழுதத்தக்கது என்றால், ஸீரோ நாலெட்ஜ் நிரூபணம் (ரகசியத்தைக் காட்டாமலே ஒன்று உண்மை என்று காட்டுவது) கைகொடுக்கும். கிரெக் மேக்ஸ்வெல் 2011-இல் சொன்ன இந்த யோசனை 2016 பிப்ரவரியில் நடந்தேறியது. ஷான் போவிடமிருந்து 16×16 சுடோகு ஒன்றின் விடையை 0.10 பிட்காயினுக்கு அவர் வாங்கினார். விற்பவர் ஒரு சாவியால் விடையை மறையாக்கி, அந்தச் சாவியின் ஹாஷையும் (ஷா-256 என்ற முறையில்) தருகிறார். கூடவே, ‘இந்த ஹாஷுக்குரிய சாவியால் இதைத் திறந்தால் சரியான விடை வரும்’ என்று விடையைக் காட்டாமலே நிரூபிக்கிறார். வாங்குபவர் சோதித்துவிட்டு, அந்த ஹாஷின் மூலத்தைக் காட்டுபவருக்கே கிடைக்கும்படியும், கெடு தாண்டினால் தனக்கே திரும்பும்படியும் பணத்தைப் பூட்டுகிறார். விற்பவர் பணத்தை எடுக்கச் சாவியை வெளியிட்டே ஆக வேண்டும். எடுத்த கணமே வாங்குபவருக்கு விடை கிடைத்துவிடும். நடுவர் வேலையைப் பிட்காயின் வலையமைப்பே பார்க்கிறது. அதற்கு விடை தெரியாது, சாவி மட்டுமே தெரியும்.

ஒரு வருடம் கழித்து, 2017-இல், கம்பனெல்லி, ஜெனாரோ, கோல்ட்ஃபெடர், நிட்சார்டோ நால்வரும் இதில் ஓட்டை கண்டார்கள். நிரூபண முறைக்கு ஒரு தொடக்க அளவுருத் தொகுதி வேண்டும், அதை வாங்குபவரே உருவாக்கினார். அவர் அதைத் திருட்டுத்தனமாக அமைத்தால், நிரூபணத்திலிருந்தே விடையின் பகுதிகளைப் பணம் கொடுக்காமல் உறிஞ்சிவிடலாம். விற்பவர் அந்தத் தொகுதி முறையாக அமைந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே நிரூபணம் தர வேண்டும், அல்லது ரகசியத் தொடக்கமே தேவைப்படாத நிரூபண முறையைப் பயன்படுத்த வேண்டும். அவர்கள் காட்டிய இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. விற்பது பொருளல்ல, ‘உங்கள் கோப்பை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்’ என்ற உத்தரவாதம் என்று கொள்ளுங்கள். அதை நிரூபித்தவுடனே வாங்குபவருக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது, பிறகு எதற்குப் பணம்? சேவைகளுக்கு இந்த நெறிமுறையை அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

பெரிய கோப்புகளுக்கு ஸீரோ நாலெட்ஜ் நிரூபணம் உருவாக்கும் சுமை அதிகம். ஜெம்போவ்ஸ்கி, எக்கி, ஃபவுஸ்ட் 2018-இல் தந்த ‘ஃபேர்ஸ்வாப்’ தலைகீழாக யோசிக்கிறது. முன்கூட்டியே சரியென நிரூபிக்க வேண்டாம், தவறாக இருந்தால் பின்னால் நிரூபித்தால் போதும். விற்பவர் கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, துண்டுகளையும் சரிபார்ப்புக் கணக்கின் இடைநிலை மதிப்புகளையும் மறையாக்கி வாங்குபவருக்கு அனுப்புகிறார். அவற்றின் மெர்கல் மர வேரையும் (எல்லாத் துண்டுகளுக்கும் சேர்த்த ஒற்றை ஹாஷ்) சாவிக்கான பூட்டிய வாக்கையும் (சாவியைப் பிறகு மாற்ற முடியாதபடி கட்டிவைக்கும் மதிப்பு) ஸ்மார்ட் கான்ட்ராக்டில், அதாவது பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் தானே இயங்கும் நிரலில், பதிக்கிறார். வாங்குபவர் பணத்தைப் பூட்டியதும் சாவி வெளியாகிறது. கணக்கில் எங்காவது ஒரு படி பொருந்தவில்லை என்றால் அந்த ஒரு படியை மட்டும் கான்ட்ராக்டிடம் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். 1 ஜிபி கோப்பை 512 பைட் துண்டுகளாக்கினால் சுமார் 21 லட்சம் துண்டுகள். ஒரு துண்டின் இடத்தை நிறுவ 21 ஹாஷ்கள், அதாவது 672 பைட் போதும். கான்ட்ராக்ட் முழுக் கோப்பைத் தொடவே வேண்டாம்.

இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை என்னவென்றால், முறையிடும் கெடுவுக்குள் வாங்குபவர் விழித்திருக்க வேண்டும். வலையமைப்பு நெரிசலில் அவருடைய முறையீடு கட்டணம் போதாமல் வரிசையில் நின்று கெடு தாண்டினால் பணம் விற்பவருக்குப் போய்விடும். கெடுவை நிமிடக் கணக்கில் வைக்காதீர்கள். சாவி பொதுவெளியில் வருகிறது என்பதையும் மறக்காதீர்கள். மறையாக்கிய கோப்பை யாராவது வழியில் பிடித்து வைத்திருந்தால் அவருக்கும் அது திறந்துகொள்ளும். ஆகவே மறையாக்கிய கோப்பும் தனித்தடத்தில், இன்னொரு அடுக்கு மறையாக்கத்தோடு போக வேண்டும்.

இரண்டு வெவ்வேறு பிளாக்செயின்களில் உள்ள நாணயங்களை மாற்றிக்கொள்ளும் அணுப் பரிமாற்றம் (இரு பக்கமும் நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது என்ற ‘அட்டாமிக் ஸ்வாப்’), டையர் நோலன் 2013-இல் விவரித்தது, இதே ஹாஷ் பூட்டில்தான் நிற்கிறது. ரகசியத்தைத் தேர்ந்தவர் முதலில் தன் நாணயத்தைப் பூட்டுகிறார், மற்றவர் அதே ஹாஷில் தன்னுடையதைப் பூட்டுகிறார். கெடுக்கள் சமமாக இருக்கக் கூடாது. வழக்கமாக முதலாமவருடையது 48 மணி, இரண்டாமவருடையது 24 மணி. சமமாக வைத்தால் முதலாமவர் கடைசி நிமிடத்தில் ரகசியத்தைக் காட்டி எதிராளியின் நாணயத்தை எடுப்பார். எதிராளி அதைப் பார்த்துச் செயல்படுவதற்குள் முதலாமவரின் பூட்டும் காலாவதியாகி, அதையும் அவரே திரும்ப எடுத்துக்கொள்வார். ரகசியத்தின் நீளத்தையும் இரண்டு பக்கமும் 32 பைட் என்று சோதிக்க வேண்டும். பிட்காயின் ஸ்கிரிப்டில் ஒரு மதிப்பு 520 பைட்டைத் தாண்ட முடியாது. இன்னொரு பிளாக்செயின் சங்கிலியில் வரம்பு அதிகமானால், 600 பைட் ரகசியம் அங்கே திறக்கும், இங்கே திறக்காது. ஒருவருக்கு இரண்டு நாணயமும், மற்றவருக்கு ஒன்றுமில்லை. இவை சரியானாலும் ஒரு சாய்வு மிஞ்சுகிறது: ரகசியம் வைத்திருப்பவர் பல மணி நேரம் விலையைப் பார்த்துக்கொண்டிருந்து, லாபமென்றால் முடிக்கலாம், நஷ்டமென்றால் விட்டுவிடலாம். காப்புப் பணம் வாங்கித்தான் இதைச் சமன் செய்ய முடியும்.

மறைவுக்கு இந்த ஹாஷ் பூட்டு மோசம். ஒரே ஹாஷ் இரண்டு சங்கிலியிலும் நிற்பதால், தேடுபவர் யாரும் இரண்டையும் இணைத்துவிடுவார். இதற்கு மாற்றாக ஆண்ட்ரூ போல்ஸ்ட்ரா முன்னெடுத்தது அடாப்டர் கையொப்பம். அரைகுறைக் கையொப்பம் ஒன்றை முன்கூட்டியே கொடுப்பார்கள். அதில் ஒரு ரகசிய எண் குறைகிறது. முழுக் கையொப்பம் சங்கிலியில் வெளியானதும், முழுமையிலிருந்து அரைகுறையைக் கழித்தால் அந்த ரகசிய எண் கிடைக்கும், அதை வைத்து மற்றவர் தன் பக்கத்தை முடிப்பார். வெளியே தெரிவது சாதாரணக் கையொப்பம் மட்டுமே. 2021 நவம்பரில் டாப்ரூட் என்ற மேம்பாடு நடைமுறைக்கு வந்தபின் பிட்காயினில் ஷ்னோர் வகைக் கையொப்பம் கிடைப்பதால் இது எளிதாகிவிட்டது. கையொப்பத்துக்கான ஒருமுறை எண்ணை மட்டும் எக்காரணத்தாலும் மறுபடி பயன்படுத்தாதீர்கள், தனிச்சாவியே வெளிவந்துவிடும். தொகையும் நேரமும் இன்னும் காட்டிக்கொடுக்கும் என்பதால், எல்லோருக்கும் ஒரே அளவான தொகைகளில் மாற்றுவது நல்லது.

கேட்டவருக்கு நேரடியாக: இரு பக்கமும் கையொப்பம் என்றால் நம்பிக்கைவாத நெறிமுறை. கோப்பு சிறியது, நிபந்தனை நிரலில் அடங்கும் என்றால் ஸீரோ நாலெட்ஜ் வழி. கோப்பு பெரியது, ஹாஷ் முன்பே தெரியும் என்றால் ஃபேர்ஸ்வாப் வகை. எதைத் தேர்ந்தாலும், எழுதி முடித்ததும் ஒரு சோதனையை விடாமல் செய்யுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் முன்னும் பின்னும் இணைப்பை அறுத்துவிடுங்கள், நான்கு செய்திகளென்றால் ஐந்து இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை இவரையும் ஒருமுறை அவரையும் கெடு முடியும்வரை உறங்கவைத்து, யார் கையில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கெடு முடியும் அதே நொடியில் இருவரும் நடுவரிடம் போகும் நிலையையும் அதில் சேருங்கள். பிழை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.